பின் இருக்கையில் ஒரு ரயில் ஓட்டுநர்

எடை மெஷினில் ஏறச் சொன்னதும் அப்பா செருப்பைக் கழற்றப் போனார். "கழற்ற வேண்டாம் அப்பா. ஷூ போட்டுக்கொண்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, கையில் எடுத்துவரப் போகும் பையோடு நில்லுங்கள்" என்றேன். 64 கிலோ. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

"எவ்வளவு லோடு தாங்கும்?" என்று கேட்டார்.

"விமானத்தின் எடை, பெட்ரோல், நாம் மூன்று பேர், உங்கள் பை எல்லாம் சேர்ந்து 1,157 கிலோவைத் தாண்டக்கூடாது."

58 வேகன் கோர்த்த நிலக்கரி வண்டியை, 4,000 டன்னுக்கு மேல், ஈரோட்டிலிருந்து இரவோடு இரவாக இழுத்துக்கொண்டு போனவர் அவர். இருந்தாலும் இந்தச் சின்ன எண்ணைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் பின்னால் உட்கார்ந்தால் பின்பாரம் ஆகிவிடாதா, கண்ணு?" என்றார். முதல் பாடத்தில் என் பயிற்சியாளர் சொன்னது இதுதான்: எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். வரைபடத்தை எடுத்துவந்து, அப்பா பின் இருக்கையில் ஏறினால் மொத்த எடையின் மையப் புள்ளி எங்கே நகர்கிறது, எந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "சரியாக இருக்கிறது" என்றார்.

கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் நான் ஒன்றரை ஆண்டுகளாக விமானம் ஓட்டக் கற்கிறேன். இன்னும் மாணவன்தான். மாணவ விமானி தனியாகப் பறக்கும்போது யாரையும் ஏற்றக்கூடாது. சட்டம் அதில் கறாரானது. ஆனால் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது விமானத்துக்குப் பொறுப்பாளர் அவர். அவரும் பயிற்சிப் பள்ளியும் சம்மதித்தால், நான்கு இருக்கை கொண்ட செஸ்னா 172-இன் பின் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து வரலாம். உரிமத்துக்கு நான் இரவில் குறைந்தது 3 மணி நேரம் பயிற்சியாளரோடு பறந்தாக வேண்டும். அதில் 10 முறை மேலேறி, 10 முறை இறங்கி முழுதாக நிறுத்த வேண்டும். மொத்தத் தொலைவு 100 கடல் மைலைத் தாண்டும் பயணம் ஒன்றும் இருக்க வேண்டும். லிவர்மோரிலிருந்து சாக்ரமென்டோ எக்ஸிகியூட்டிவ் விமான நிலையத்துக்குப் போய்த் திரும்பினால் 100-ஐச் சற்றே தாண்டும். அப்பாவும் அம்மாவும் அக்டோபரில் இங்கே வந்தபோது அந்தப் பயணம்தான் பாக்கி இருந்தது. அதற்கு அப்பாவை அழைத்துப்போக வேண்டும் என்று அவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன். பகலில் ஊர் சுற்றிக் காட்ட எத்தனையோ வழி இருக்கிறது. அப்பாவுக்கு நான் காட்ட நினைத்தது இரவை.

ஏன் என்று சொல்ல வேண்டும். அப்பா 1976-ல் ரயில்வேயில், நீராவி இன்ஜினுக்குக் கரி போடும் ஃபயர்மேனாகச் சேர்ந்து, டீசல் அசிஸ்டென்ட் ஆகி, பிறகு டிரைவர் ஆனார். 2011-ல் ஓய்வு பெற்றபோது அவருடைய பதவிக்கு லோகோ பைலட் என்று பெயர் மாறியிருந்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் கதவை ராத்திரி 11 மணிக்கோ 2 மணிக்கோ, டூட்டிக்குக் கூப்பிட வரும் ரயில்வே ஊழியரான 'கால் பாய்' தட்டுவார். டூட்டி நேரம் எழுதிய புத்தகத்தை நீட்டுவார். அப்பா தூக்கக் கண்ணோடு கையெழுத்துப் போடுவார். அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைப்பார். நான் போர்வைக்குள் விழித்துக்கொண்டு, டிபன் கேரியரின் கொக்கி மாட்டும் சத்தம், சைக்கிள் ஸ்டாண்டு எடுக்கும் சத்தம், இரண்டையும் கேட்டுவிட்டுத் தூங்கிப் போவேன். மறுநாள் அவர் வந்து படுத்துக்கொண்டால் வீட்டில் யாரும் பாத்திரத்தைக்கூட உருட்டக்கூடாது. அப்பாவின் வேலை எனக்கு அவ்வளவுதான் தெரியும். சைக்கிள் கிளம்பிய பிறகு, அந்த ராத்திரிக்குள் அவர் என்ன பார்த்தார், என்ன செய்தார் என்பது முப்பது வருடங்களாக எனக்குத் தெரியாது.

முதலில் குறித்த நாளில் போகவில்லை. அப்பா ஆறு மணிக்கே இஸ்திரி போட்ட சட்டையில் தயாராக இருந்தார். அம்மா புளிச்சோறு கட்டி வைத்திருந்தார். கடல் பக்கமிருந்து தாழ்ந்த மேகம் குன்றுகளைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. போகவே முடியாது என்று சொல்லும்படி இல்லை. திரும்பி வரும்போது லிவர்மோர் மேகம் மூடாமல் இருக்குமா என்பதுதான் சந்தேகம். முடிவு உன்னுடையது என்றார் பயிற்சியாளர். வேண்டாம் என்றேன். காரில் திரும்பும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவர் சொன்னார்: "வண்டியை எடுக்க எல்லோருக்கும் தெரியும், கண்ணு. நிறுத்தத் தெரிந்தவனைத்தான் டிரைவர் என்போம்." அந்தப் புளிச்சோற்றை வீட்டு மேஜையில் சாப்பிட்டோம். அன்றைக்குத்தான் வாளையாறு காட்டைப் பற்றிச் சொன்னார். ராத்திரியில் யானை தண்டவாளத்தைக் கடக்கும் பகுதி அது. "சிக்னல் விளக்கைப் பார்ப்பது பெரிய காரியமில்லை. விளக்கே இல்லாமல் நிற்கிற ஒன்று இருக்கிறதே, அதைத்தான் தேட வேண்டும்." விமானப் பயிற்சியிலும் ராத்திரி என்றால் இதே எச்சரிக்கைதான். குன்றுக்கு விளக்கு கிடையாது. ஊர் விளக்குகள் திடீரென்று அணைந்தால், இடையில் ஏதோ மறைக்கிறது என்று அர்த்தம்.

நான்கு நாள் கழித்து வானம் துடைத்துவிட்டது போல இருந்தது.

விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும் வேலையில் அப்பாவும் கூடவே வந்தார். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். ஒரு வெள்ளை வெளிச்சம் அதை நொடியில் கெடுத்துவிடும். "எதிர் வண்டி வரும்போது ஹெட்லைட்டை நேராகப் பார்க்காதே, நம் பக்கத்து ஓரத்தைப் பார் என்று எனக்கு ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்தார்" என்றார் அப்பா. இறக்கையின் அடியிலிருந்து பெட்ரோலைக் குழாயில் கொஞ்சம் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் பெட்ரோல் வெளிர்நீலமாக இருக்கும். அதைப் பார்க்க மட்டும் வெள்ளை டார்ச். சிவப்பு வெளிச்சத்தில் அந்த நீலம் தெரியாது. அப்பா குழாயை வாங்கி, கண்ணுக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் குமிழ் எதுவும் தங்கவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு என்னிடம் கொடுத்தார். அவர் விரல்களில் வெற்றிலைச் சுண்ணாம்பு மாதிரி எதுவோ ஒட்டியிருந்தது. ஓடுபாதைப் பக்கத்துப் புழுதி. அதைப் பேண்ட்டில் துடைக்காமல் கைக்குட்டையில் துடைத்தார்.

பிறகு இறக்கை விளக்குகளைக் காட்டினேன். இடது நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை, வாலில் வெள்ளை. எல்லா விமானங்களுக்கும் இதே முறை. நமக்கு வலப்பக்கத்தில் ஒரு விமானம் வந்து, அதன் சிவப்பு தெரிந்தால் அது நம் பாதையைக் குறுக்கே கடக்கலாம். வழிவிட வேண்டியது நாம். பச்சை தெரிந்தால் எதிர்த்திசையில் நம்மைத் தாண்டிப் போகிறது, அல்லது விலகிப் போகிறது. அப்பா நடையை நிறுத்திவிட்டார். "சிவப்பு என்றால் நாம் நிற்க வேண்டும். பச்சை என்றால் போகலாம்." "கிட்டத்தட்ட அப்படித்தான் அப்பா." மறுபடி ஒருமுறை இரண்டு நுனிகளையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

நிறம் என்பது எங்கள் வீட்டில் சாதாரண விஷயம் இல்லை. வண்ணப் புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கும் கண் சோதனை நெருங்கினால் அப்பா ஒரு வாரம் சரியாகச் சாப்பிட மாட்டார். தேறாவிட்டால் இன்ஜினை விட்டு இறக்கிவிடுவார்கள். விமானிக்கான மருத்துவச் சோதனையில் என் முன்னாலும் அப்படி ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்தார்கள். தேறாதவர்களுக்கு ராத்திரியில் பறக்கத் தடை விழும். அந்தப் பக்கங்களைப் புரட்டியபோது எனக்கு அப்பாவின் அந்த ஒரு வாரம் ஞாபகம் வந்தது.

பின் இருக்கையில் பெல்ட்டை மாட்டி, ஹெட்செட்டைத் தலையில் பொருத்தினேன். ரேடியோவில் பேச்சு ஓடும்போதும், மேலேறும்போதும் இறங்கும்போதும் பேச வேண்டாம். அவசரமாக ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும் சொல்லுங்கள் என்றேன். "ஸ்டேஷனுக்குள் நுழையும்போது எங்களிடமும் யாரும் பேசக்கூடாது" என்றார். ஓடுபாதைக்குப் போகும் வழியெங்கும் நீல விளக்குகள். அவர் பார்த்த எந்தச் சிக்னலிலும் நீலம் இருந்ததில்லை. தலையைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கட்டுப்பாட்டுக் கோபுரம் அனுமதி கொடுத்தது. அனுமதியை வார்த்தை மாறாமல் நான் திருப்பிச் சொன்னேன். வேகம் ஏற ஏற முள்ளைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன். 55 நாட் (மணிக்கு 55 கடல் மைல்) வந்ததும் மூக்கைத் தூக்கினேன். ஊர் விளக்குகள் சாய்ந்து கீழே போயின.

வலது பக்கம் திரும்பி வடக்கே ஏறினோம். இடப்பக்கம் டையாப்லோ மலை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும். 3,849 அடி உயரமுள்ள மலை கண்ணுக்குத் தெரியவில்லை. நட்சத்திரங்களும் ஊர் விளக்குகளும் இல்லாத ஒரு முக்கோணம்தான் தெரிந்தது. 5,500 அடியில் சமன் செய்தோம். வடக்கு, கிழக்கு நோக்கிப் போகிறவர்களுக்கு ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500 அடி. தெற்கு, மேற்கு போகிறவர்களுக்கு இரட்டைப்படை ஆயிரத்தோடு 500. இதை நான் சொல்லச் சொல்ல, "அப் லைன், டவுன் லைன்" என்றது பின் இருக்கை.

பிரென்ட்வுட் ஊரின் விளக்குகள் முடிந்ததும் டெல்டா வந்தது. ஆறுகளும் கால்வாய்களும் பிரிந்து பிரிந்து ஓடும் தாழ்ந்த விவசாய நிலம். ராத்திரியில் அது ஒரு கறுப்புத் துணி. அங்கங்கே ஒரு பண்ணை விளக்கு. இன்ஜின் சத்தம்கூட அங்கே மாறிவிட்ட மாதிரி இருக்கும். மனம் செய்கிற வேலை அது. அப்போது இடப்பக்கம், ரியோ விஸ்டாவுக்கு அப்பால், காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து, ஒரே நேரத்தில் அணைந்தன. அப்பா ஏதோ சொல்ல வந்து நிறுத்திவிட்டார். பிறகு சொன்னார்: "அத்தனை சிவப்பைப் பார்த்ததும் கை தானாக ஏ-9 கைப்பிடியைத் தேடியது." வண்டி முழுவதற்கும் பிரேக் போடும் கைப்பிடி அது. கையில் பிடிக்க அங்கே எதுவும் இல்லாததால் டிபன் கேரியரைப் பிடித்துக்கொண்டதாகச் சொன்னார். வலப்பக்கம் வால்நட் குரோவின் தொலைக்காட்சிக் கோபுரங்கள். அவற்றில் உயரமானது 2,049 அடி. தரையிலிருந்து ஒரு விளக்குக் கம்பியை நட்டு வைத்தது போல நின்றது.

அங்கே வைத்துத்தான் ரேடியோவில் சொன்னார்கள். இரண்டு மணித் திசையில் (கடிகாரத்தில் இரண்டு இருக்கும் பக்கம், அதாவது வலது முன்னால்), மூன்று மைலில், தெற்கே போகும் விமானம், 4,500 அடி. நான் தேடினேன். பயிற்சியாளர் தேடினார். சாக்ரமென்டோவின் வெளிச்சம் முன்னால் பரவிக் கிடந்ததால் எந்த விளக்கு தரையில் இருக்கிறது, எது நகர்கிறது என்று பிரிக்க முடியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறோம் என்று பதில் சொன்னேன்.

பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. வீட்டில் பேசுகிற குரல் இல்லை. நான் அதுவரை கேட்டிராத, அழுத்தமான, ஒவ்வொரு சொல்லும் தனியாக நிற்கும் குரல்.

"வலப்பக்கம். நமக்குக் கீழே. பச்சை."

அவர் சொன்ன இடத்தில் இருந்தது. நடுவில் ஒரு மினுக்கு, அதற்குப் பக்கத்தில் கடுகளவு பச்சை. நானும் வாய்விட்டுச் சொன்னேன்: "பச்சை." ரேடியோவில் தெரிகிறது என்று சொன்னேன். சில நொடிகளில் அது எங்களைத் தாண்டி வலப்பக்கமாகப் பின்னால் போய்விட்டது.

இன்ஜினில் அசிஸ்டென்ட் சிக்னலைப் பார்த்துச் சொல்வார். டிரைவர் அதைத் திருப்பிச் சொல்வார். டிரைவர் சொன்னால் அசிஸ்டென்ட் திருப்பிச் சொல்வார். ஒருவர் கண்ணை மட்டும் நம்பி வண்டி ஓடக்கூடாது. "டிஸ்டன்ட் எல்லோ", "ஹோம் கிரீன்" என்று ராத்திரி முழுக்க இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே போவார்கள். இதையெல்லாம் அப்பா பிறகு சாப்பிடும்போது விளக்கினார். அந்தக் கணத்தில் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சைக்கிள் கிளம்பிய பிறகு அவர் எப்படிப் பேசுவார் என்று தெரிந்துவிட்டது.

ஊருக்குள் இருக்கும் விமான நிலையத்தை ராத்திரியில் கண்டுபிடிப்பது சிரமம். ஊர் ஜொலிக்கும், நிலையம் இருட்டாக இருக்கும். பச்சையும் வெள்ளையுமாக மாறி மாறிச் சுழலும் விளக்கைத் தேடினோம். இந்த முறை நான்தான் முதலில் பார்த்தேன். ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் சாக்ரமென்டோவில் இறங்கி, விமானத்தை ஓரமாக நிறுத்தி, புளிச்சோற்றைப் பிரித்தோம். பயிற்சியாளர் மூடியில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். அப்பாவும் பைலட்தான், அவருடைய பதவியின் பெயரே அதுதான் என்று அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து மறுபடியும் ஒருமுறை கைகுலுக்கினார்.

அங்கேயே இன்னும் மூன்று முறை ஏறி இறங்கினேன். இரண்டாவது முறை, தரைக்கு 200 அடி இருக்கும்போது, பயிற்சியாளர் முன்விளக்கை அணைத்துவிட்டார். விளக்கு பழுதானால் எப்படி இறங்குவது என்பதும் பாடத்தில் உண்டு. முன்னால் ஓடுபாதையின் தரை இல்லை. இரண்டு பக்கமும் ஓர விளக்குகளின் வரிசை மட்டும். அந்த வரிசைகள் விரிந்து கண் மட்டத்துக்கு எழும்பி வருவதைப் பார்த்துத்தான் மூக்கைத் தூக்க வேண்டும். ஹெட்செட்டில் அப்பாவின் மூச்சு நின்றது கேட்டது. சக்கரம் தொட்ட பிறகுதான் அது மறுபடி வந்தது.

"வேண்டுமென்றேதானே அணைத்தார்?"

"ஆமாம் அப்பா."

"நல்ல லோகோ இன்ஸ்பெக்டர்."

திரும்பும்போது 4,500 அடி. லிவர்மோர் கோபுரம் ஒன்பது மணிக்கே மூடியிருக்கும். குன்றுகளைத் தாண்டியதும், "ஓடுபாதையை இப்போது நாமே ஏற்ற வேண்டும்" என்று அப்பாவிடம் சொன்னேன். ரேடியோ பொத்தானை ஐந்து நொடிக்குள் ஏழு முறை அழுத்தினால் விளக்குகள் முழுப் பிரகாசத்தில் எரியும். டிக், டிக், டிக். கறுப்பாகக் கிடந்த பள்ளத்தாக்கில் ஒரு பாதை எழுந்து நின்றது. இதற்கு முன்பும் சில இரவுகள் அதைச் செய்திருக்கிறேன். ஆனால் பின்னால் ஒருவர் "அடேயப்பா" என்று சொன்னது அன்றைக்குத்தான்.

ஓடுபாதை ஓரத்தில் நான்கு விளக்குகள். நான்கும் வெள்ளை என்றால் அதிக உயரத்தில் வருகிறோம்; நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான தாழ்வு. இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான சரிவு. இதையும் அப்பாவுக்குத் தரையில் வைத்தே சொல்லியிருந்தேன். பேச வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் மறக்கவில்லை. ஆனால் நான் வாய்விட்டு "இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு" என்றபோது, பின்னாலிருந்து மெதுவாக, "இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு" என்று திரும்பி வந்தது. பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாது. அவரும் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்றரை. அம்மா ஹாலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கியதும் போன் செய்தேன், படுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன், அவர் படுக்கவில்லை. அப்பா கைகால் கழுவிவிட்டு, சர்க்கரை அளவு எழுதி வைக்கும் சின்ன டைரியைப் பையிலிருந்து எடுத்தார். பின்பக்கத்திலிருந்து ஒரு புதுத் தாளைத் திறந்து கோடு போட்டார். விமானத்தின் எண் என்ன என்று கேட்டார். சொன்னேன். லிவர்மோர் – சாக்ரமென்டோ – லிவர்மோர். சைன் ஆன் 19.30. சைன் ஆஃப் 22.50. டூட்டியில் இருந்தவரை ஒவ்வொரு வண்டிக்கும் இப்படி ஒரு வரி எழுதிவைப்பார். அந்த டைரிகள் ஈரோட்டில் பரணில் இருக்கின்றன.

டிரைவர் என்ற இடத்தில் என் பெயர். எல்.ஐ., அதாவது ஓட்டுநர்களைச் சோதிக்கும் லோகோ இன்ஸ்பெக்டர், என்ற இடத்தில் பயிற்சியாளரின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். அசிஸ்டென்ட் என்ற இடத்தில் தன் பெயரை, இனிஷியலோடு, முழுதாக எழுதினார்.

அம்மா டிபன் கேரியரைத் திறந்து, காலி என்று பார்த்துவிட்டு மூடினார். "காலையில் எத்தனை மணிக்கு எழுப்பட்டும்?" என்று அப்பாவைக் கேட்டார்.